காஸ்டர் இரண்டாகப் பிரிந்துவிட்டது, இனி அதை அளப்பது எப்படி?

கேட்டவரிடம் 6 அங்குல டாப்சோனியன், அதாவது கையால் திருப்பும் எளிய ஆடித் தொலைநோக்கி இருக்கிறது. மிதுன ராசியில் காஸ்டரைப் பார்த்திருக்கிறார், ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு புள்ளிகள் தெரிந்திருக்கின்றன. அவருடைய கேள்விகள் இரண்டு. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை வீட்டு மொட்டை மாடியிலிருந்தே அளக்க முடியுமா? கையா விண்கலம் நூறு கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களை அளந்து முடித்த பிறகு நாம் அளந்து யாருக்குப் பயன்?

இரண்டாவது கேள்வியில் தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால்தான் மார்கழிப் பனியில் மாடியில் உட்காரும் பொறுமை வரும்.

1689 டிசம்பரில் புதுச்சேரியில் இருந்த ழான் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார் ஒரு வால்மீனைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தெற்கே தாழ்வாக மின்னும் ஆல்ஃபா சென்டாரி ஒரு விண்மீன் அல்ல, இரண்டு என்று கண்டார். வாஷிங்டன் இரட்டை விண்மீன் பட்டியலில் அந்த ஜோடிக்கு இன்றும் ஆர்.எச்.டி 1 என்றுதான் பெயர், ரிஷோவின் முதல் ஜோடி என்று பொருள். ஆனால் அதே பட்டியலில் அந்த ஜோடியின் அளவுகள் தொடங்குவது 1752 இல், பிரெஞ்சு வானியலாளர் லக்காய் நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானத்தை அளந்த காலத்தில். இடையில் 63 ஆண்டுகள். அந்த இரண்டும் ஒன்றையொன்று ஒரு முறை சுற்றிவர ஏறக்குறைய 79.8 ஆண்டுகள் ஆகும். ஆக முக்கால் சுற்று கணக்கில் வராமலே போய்விட்டது. இன்று எவ்வளவு பெரிய கருவி இருந்தாலும் 1700 ஆம் ஆண்டில் அவை எந்த நிலையில் நின்றன என்று போய் அளந்து வர முடியாது. பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

இதனால்தான் இரட்டை விண்மீன் அளவுக்குப் பாதி மதிப்பு துல்லியத்தில், மீதிப் பாதி தேதியில் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் இந்த மாசியில் எடுக்கும் அளவை அடுத்த மாசியில் எவராலும் எடுக்க முடியாது.

சரி, அளவுகள் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? விண்மீனின் எடை கிடைக்கும். விண்மீனை நிறுத்துப் பார்க்க இதைவிட நேரடியான வழி இல்லை. ஆல்ஃபா சென்டாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பல தலைமுறை அளவுகளை வைத்து வரைந்த நீள்வட்டத்தின் அரை நெட்டச்சு, அதாவது அதன் நீளத்தில் பாதி, 17.49 வில் விநாடி. ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் வருவது ஒரு வில் விநாடி. பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் அளவுக்கு இடமாறு தோற்றம் என்று பெயர், அந்த ஜோடிக்கு அது 0.7508 வில் விநாடி. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 23.3 வருகிறது, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல 23.3 மடங்கு. அதன் மும்மடி ஏறக்குறைய 12,650. சுற்றுக்காலம் 79.76 ஆண்டு, அதன் வர்க்கம் 6,362. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.99. இரண்டு விண்மீன்களும் சேர்ந்து சூரியனைப்போல 1.99 மடங்கு எடை. பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் அதற்குள் போகும் எண்கள் கிடைக்க இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் யாராவது ஒருவர் விழித்திருந்திருக்கிறார்.

கையா விஷயத்துக்கு வருவோம். அது செய்த வேலைக்கு ஈடு கிடையாது. ஆனால் அதன் மூன்றாம் தரவு வெளியீட்டில் இருப்பது 34 மாத அவதானிப்பு. காஸ்டர் ஜோடி ஒரு சுற்று முடிக்க 450 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதில் 34 மாதம் என்பது கடிகார முள் ஒரு கோடு கூட நகராத நேரம். மேலும் காஸ்டர், சிரியஸ் போன்ற மிகப் பிரகாசமான விண்மீன்கள் அதன் உணரிகளுக்கு அளவுக்கு மீறிய வெளிச்சம். 2025 ஜனவரியோடு அதன் அவதானிப்பும் நின்றுவிட்டது. எனவே கையாவைப் போட்டியாக நினைக்காமல் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடியை அளக்கும் முன், இரண்டின் தொலைவும் வானில் அவை நகரும் திசையும் ஒத்துப்போகின்றனவா என்று கையா தரவில் பார்த்துவிடலாம். ஒத்துப்போகாவிட்டால் அது தோற்ற இரட்டை. ஒன்று அருகே, ஒன்று வெகு தொலைவில், நம் பார்வைக் கோட்டில் மட்டும் பக்கத்தில் பக்கத்தில். தூரத்துப் பனைமரமும் அருகிலுள்ள கம்பமும் ஒட்டி நிற்பதுபோலத் தெரிவது மாதிரி.

இந்த வேறுபாட்டை உலகத்துக்கு உறுதிப்படுத்தியதில் நீங்கள் பார்த்த அதே காஸ்டருக்கு முக்கியப் பங்கு உண்டு. வில்லியம் ஹெர்ஷல் 1779 இல் இரட்டைகளைத் தேடத் தொடங்கியது, அவை தோற்ற இரட்டைகள் என்று நம்பி, அவற்றைக் கொண்டு விண்மீன் தொலைவை அளக்கத்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் திரும்ப அளந்தபோது சில ஜோடிகளில் கோணம் சீராக மாறியிருந்தது. 1803 இல் காஸ்டர் உள்ளிட்ட ஜோடிகள் உண்மையிலேயே ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று எழுதினார். தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. பழைய அளவைத் தேதியோடு குறித்து வைத்திருந்ததால் கிடைத்தது.

இனி அளப்பது எப்படி என்று பார்ப்போம். ஒரு ஜோடிக்கு அளக்க வேண்டியவை இரண்டே. ஒன்று பிரிவு, அதாவது இரண்டுக்கும் இடையே எத்தனை வில் விநாடி என்பது. மற்றது நிலைக்கோணம். பிரகாசமானதை ஏ என்றும் மங்கலானதை பி என்றும் வைத்து, ஏ-யிலிருந்து வடக்கு நோக்கி ஒரு கோடு, பி-யை நோக்கி ஒரு கோடு வரைந்தால், வடக்கில் தொடங்கிக் கிழக்கு வழியாகச் சுற்றி வரும் கோணம் அது. வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270.

அந்தக் காலத்தில் இதற்கு இழை மைக்ரோமீட்டர் இருந்தது. ஐபீஸுக்குள், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லைக்குள், சிலந்தி இழை போன்ற நுண்ணிய கம்பிகளை நகர்த்தி அளப்பார்கள். கோடு போட்ட ஐபீஸ் வைத்து அளப்பவர்கள் இன்றும் உண்டு, அகலமான ஜோடிகளுக்கு அது நல்ல வழி. ஆனால் உங்களிடம் இருப்பது மோட்டார் இல்லாத டாப்சோனியன், அளக்க நினைப்பதோ 5 வில் விநாடியை ஒட்டிய ஜோடி. அதற்கு நான் சொல்வது ஓட விட்டு வீடியோ எடுக்கும் முறை. மோட்டார் இல்லாதது இங்கே குறையே இல்லை, அதையே அளவுகோலாக்கிக்கொள்கிறோம்.

தொலைநோக்கியை அசைக்காமல் விட்டால் பூமி சுழல்வதால் விண்மீன் படச்சட்டத்தின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேறும். அதன் வேகம் நமக்குத் துல்லியமாகத் தெரியும். வான நடுக்கோட்டில் இருக்கும் விண்மீன் நொடிக்கு 15.04 வில் விநாடி நகரும். நடுக்கோட்டிலிருந்து விலகிய விண்மீனுக்கு அதை அதன் டெக்லினேஷனின், அதாவது நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் கோணத்தின், கொசைனால் பெருக்க வேண்டும். காஸ்டருக்கு டெக்லினேஷன் ஏறத்தாழ 31.9 டிகிரி, கொசைன் 0.849, எனவே வேகம் நொடிக்கு 12.77 வில் விநாடி.

உதாரணமாக 1,200 மில்லிமீட்டர் குவியத் தூரம், படத்தை 2 மடங்கு பெரிதாக்கும் பார்லோ வில்லை, 2.9 மைக்ரான் பிக்சல் உள்ள சிறிய கோள் கேமரா என்று வைத்துக்கொள்வோம். காஸ்டரைக் கிழக்கு ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் 10 மில்லி விநாடி போதும், அதற்குள் விண்மீன் 0.13 வில் விநாடிதான் நகரும். விண்மீன் 37.0 விநாடியில் 1,890 பிக்சல் கடந்தது என்றால், 12.77 ஐ 37.0 ஆல் பெருக்கி 1,890 ஆல் வகுக்க வேண்டும். ஒரு பிக்சலுக்கு 0.25 வில் விநாடி என்று வருகிறது. எந்த ஜோடியின் பட்டியல் இடைவெளியையும் பார்க்காமல், பூமியின் சுழற்சியையே அளவுகோலாக வைத்து உங்கள் கருவியின் அளவைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அதே ஓட்டத்திலிருந்து திசையும் கிடைக்கிறது. ஏ விண்மீன் ஒவ்வொரு ஃபிரேமிலும் இருந்த இடங்களைச் சேர்த்து ஒரு நேர்கோடு போட்டால் அதுதான் கிழக்கு மேற்குக் கோடு. விண்மீன் போகும் பக்கம் மேற்கு. கேமரா கொஞ்சம் சாய்ந்திருந்தால் கோடும் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வைக் கழித்துவிடலாம். வடக்கு எந்தப் பக்கம் என்பதற்குத் தொலைநோக்கிக் குழாயைத் துருவ விண்மீன் பக்கமாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள், புதிய விண்மீன்கள் நுழையும் ஓரம் வடக்கு. டாப்சோனியனில் ஒவ்வொரு முறை குழாயைத் திருப்பும்போதும் படத்தின் சாய்வு மாறும். எனவே ஒரு ஓட்டத்தில் கண்ட சாய்வை அடுத்த ஓட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும். நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இது.

சாய்வைக் கழித்த பிறகு பி விண்மீன் ஏ-யிலிருந்து கிழக்கே 17.1 பிக்சல், வடக்கே 13.8 பிக்சல் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 22.0 பிக்சல், அதாவது 5.5 வில் விநாடி. 17.1 ஐ 13.8 ஆல் வகுத்து அதன் டேன்ஜென்ட் கோணத்தைப் பார்த்தால் 51 டிகிரி. இவை விளக்கத்துக்காக நான் எடுத்த எண்கள், ஆனால் காஸ்டர் இப்போது இருக்கும் நிலையை ஒட்டியவைதான். நொடிக்கு 30 ஃபிரேம் எடுத்தால் ஒரே ஓட்டத்தில் ஆயிரத்துக்கு மேல் கிடைக்கும். காற்று நடுங்கிய ஃபிரேம்களைத் தள்ளிவிட்டு, இரண்டு புள்ளிகளும் கூர்மையாக நின்றவற்றை மட்டும் அளக்கலாம். ஃப்ளோரான் லோஸ் என்ற பிரெஞ்சு அவதானிப்பாளர் இதற்கென்றே எழுதிய ரெடக் என்ற மென்பொருள் இந்த வேலையைச் சுலபமாக்கிவிடும்.

அளவு எடுப்பதைவிட, எடுத்த அளவு சரிதானா என்று சோதிப்பதில் அதிக நேரம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் ஒரு பங்குனியில் மூன்று இரவு அளந்த ஜோடிகள் எல்லாமே எதிர்பார்த்ததைவிட 2 சதவீதம் அகலமாக வந்தன. மூன்று இரவும் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போனதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, முதல் நாள் அளவுகோல் கண்டுபிடித்த பின் ஃபோகஸ் கிடைக்கவில்லை என்று பார்லோவுக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு சின்ன வளையத்தைச் சேர்த்திருக்கிறேன். பார்லோவின் உருப்பெருக்கம் அந்த இடைவெளியைப் பொறுத்து மாறும். அன்றிலிருந்து எந்த இரவும் முதலில் ஒரு பழகிய ஜோடியை அளந்து பார்த்துவிட்டுத்தான் புதியதைத் தொடுகிறேன்.

அப்படிச் சோதிக்க நல்ல ஜோடி மிசார். கல்யாணத்தில் அம்மி மிதித்ததும் அருந்ததி காட்டுவார்களே, அந்த அருந்ததிக்குப் பக்கத்தில் இருக்கும் வசிஷ்டர்தான் மிசார். அருந்ததிக்கும் வசிஷ்டருக்கும் இடையே ஏறக்குறைய 12 வில் நிமிடம் (ஒரு வில் நிமிடம் 60 வில் விநாடி), அது கண்ணுக்கே தெரியும். தொலைநோக்கியில் வசிஷ்டர் மட்டுமே இரண்டாகப் பிரிவார், இடைவெளி 14.4 வில் விநாடி, கோணம் 153 டிகிரி. கலிலியோவின் மாணவர் காஸ்டெல்லி 1617 இல் இதைப் பார்த்து, கலிலியோவையும் பார்க்கச் சொன்னார். நானூறு ஆண்டுகளில் அதிகம் மாறாத ஜோடி என்பதால் உங்கள் அளவு 14.4 ஐ ஒட்டி வரவில்லை என்றால் மாறியது உங்கள் கருவி என்று முடிவு செய்யலாம். விருச்சிகத்தில் பீட்டா ஸ்கார்ப்பி, நம் அனுஷ நட்சத்திரக் கூட்டத்தில் ஒன்று, 13.6 வில் விநாடி. சித்திரை, வைகாசி இரவுகளுக்கு அது தோது.

பிழையை மதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மெட்ராஸ் வான் ஆய்வகத்திலேயே ஒரு கதை இருக்கிறது. அங்கே இயக்குநராக இருந்த கேப்டன் வில்லியம் ஜேக்கப் நல்ல இரட்டை விண்மீன் அவதானிப்பாளர். 1855 இல் 70 ஒஃபியூக்கி என்ற ஜோடியின் பாதை கணக்கோடு ஒத்துவராததைக் கண்டு, அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இருக்கக்கூடும் என்று எழுதினார். சூரியக் குடும்பத்துக்கு வெளியே கோள் இருப்பதாக அளவுகளை வைத்துச் சொன்ன முதல் கூற்று என்று இதைச் சொல்வார்கள். கோள் அங்கே இல்லை. அவர் தேடிய வழி சரியானதுதான். அன்றைய அளவுகளின் பிழை, அவர் கண்ட விலகலை நம்பும் அளவுக்குச் சிறியதாக இல்லை. எனவே உங்கள் அளவோடு எத்தனை இரவு, ஒவ்வொரு இரவும் எவ்வளவு வேறுபட்டது என்பதையும் எழுதுங்கள். அது இல்லாத அளவைப் பயன்படுத்துபவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் பயன்படுத்த வேண்டும்.

எவ்வளவு நெருங்கிய ஜோடிவரை போகலாம்? 116 ஐ உங்கள் ஆடியின் விட்டத்தால், மில்லிமீட்டரில், வகுத்தால் டாஸ் எல்லை வரும், அதாவது அந்தத் தொலைநோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி. 150 மில்லிமீட்டருக்கு 0.77 வில் விநாடி. இது இரண்டும் ஒரே பிரகாசமாக இருந்தால் மட்டும். சிரியஸின் துணை அண்மைய ஆண்டுகளில் 11 வில் விநாடி தள்ளியிருந்தும் கஷ்டம்தான், ஏனென்றால் அதன் வெளிச்சம் சிரியஸில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பெரிய விளக்குக்குப் பக்கத்தில் மின்மினி.

முதலில் எதை அளப்பது என்று கேட்டால், கன்னி ராசியில் காமா விர்ஜினிஸ், போரிமா என்றும் பெயர். சுற்றுக்காலம் 169 ஆண்டு. 2005 இல் இரண்டும் 0.4 வில் விநாடிக்கு நெருங்கியபோது 6 அங்குலத்தில் ஒரே புள்ளிதான். 2008 இல் இடுப்பு ஒடுங்கிய எட்டு மாதிரி தெரிந்தது. அதற்குப் பின் ஆண்டுக்கு ஆண்டு நடுவில் கறுப்பு விரிந்து, இப்போது 3 வில் விநாடிக்கு மேல் போய்விட்டது. வானத்தில் ஒன்று நகர்வதை இத்தனை ஆண்டுகள் கண்ணாலேயே தொடர்ந்து பார்த்தது எனக்குக் கிடைத்த பெரிய பாக்கியம். ஒரு எச்சரிக்கை: இரண்டும் சம பிரகாசம். எது ஏ, எது பி என்று மாற்றி எடுத்தால் கோணம் 180 டிகிரி தப்பிவிடும். பழைய அளவோடு ஒப்பிட்டே பெயரிடுங்கள்.

பல விண்மீன் தொகுதி என்றால் கடக ராசியில் சீட்டா கேன்க்ரி. பூச நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். உள்ளே ஏ, பி இரண்டும் ஏறக்குறைய 1.1 வில் விநாடியில், 6 அங்குலத்துக்கு நல்ல சோதனை. கொஞ்சம் தள்ளி 6 வில் விநாடியில் சி. உள் ஜோடியின் சுற்றுக்காலம் 60 ஆண்டுக்குச் சற்றே குறைவு, பிரபவ முதல் அட்சய வரை நம் ஆண்டு வட்டம் ஒன்று. அந்த சி நேராகப் போகாமல் 17 ஆண்டுக்கு ஒரு முறை தள்ளாடுகிறது, அதோடு வேறொன்றும் கட்டுண்டிருப்பதால். இப்படி ஜோடியை ஜோடி சுற்றும் அடுக்கு அமைப்புதான் பல விண்மீன் தொகுதிகளின் வழக்கம். ஒன்றுக்கொன்று சம தூரத்தில் மூன்று விண்மீன்கள் நெடுங்காலம் நிலைத்து நிற்க முடியாது, ஒன்று வெளியே வீசப்பட்டுவிடும். காஸ்டரும் அப்படித்தான். நீங்கள் பார்த்த இரண்டும் தனித்தனியே ஜோடி, அவை பிரிந்து தெரியாது, நிறமாலையில் மட்டும் தெரியும். 71 வில் விநாடி தள்ளி மங்கலான சிவப்பாக ஒன்று இருக்கிறதா பாருங்கள், அதுவும் ஜோடி. மொத்தம் ஆறு.

பழகிய பின், நெடுங்காலம் யாரும் தொடாத ஜோடிகளுக்குப் போங்கள். வாஷிங்டன் பட்டியலில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஜோடிகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் முதல் அளவின் ஆண்டும் கடைசி அளவின் ஆண்டும் இருக்கும். கடைசி ஆண்டு பழையதாக உள்ள, 5 முதல் 30 வில் விநாடி வரையிலான ஜோடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்வலர்களின் அளவுகளை வெளியிடும் இரட்டை விண்மீன் அவதானிப்பு இதழுக்கு அனுப்பினால் அது அந்தப் பட்டியலுக்குப் போய்ச் சேரும். சிகாகோ நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்த பர்னம், இதே 6 அங்குலத் தொலைநோக்கியில்தான் நூற்றுக்கணக்கான புதிய ஜோடிகளைக் கண்டார்.

அனுப்பும்போது தேதியை ஆண்டின் தசமமாக எழுத வேண்டும். 2025 பிப்ரவரி 19 என்பது ஆண்டின் 50 ஆவது நாள், 365.25 ஆல் வகுத்தால் 0.137, எனவே 2025.137. அதன் பின் கோணம், பிரிவு, இரண்டின் பிழை, எத்தனை இரவு. ஒரே வரிதான். காஸ்டரில் உங்கள் முதல் ஓட்டத்தை எடுத்ததும் பிக்சல் அளவும் கோட்டின் சாய்வும் எவ்வளவு வந்தது என்று சொல்லுங்கள், சேர்ந்து சரிபார்க்கலாம்.